ஆற்றில் எடுத்த மூன்றாவது டேக்

3 பிப்ரவரி 1999, புதன். அம்பாசமுத்திரம்

வந்து சேர்ந்தாயிற்று. நெல்லை எக்ஸ்பிரஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். திருநெல்வேலியிலிருந்து வேன். சீட்டில் கேமராப் பெட்டிகள், மிச்ச இடத்தில் நாங்கள். முப்பத்தெட்டு வருஷமாக இப்படித்தான் ஊர் ஊராகப் போகிறேன். எந்த ஊரில் சாயங்கால வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால் சொல்வேன். கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது.

லாட்ஜில் மாடி அறை. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் கணக்குக் கேட்கிறது. கீழ் அறை வாங்கித் தருகிறேன் என்றான் மாசி. வேண்டாம் என்றேன். எத்திராஜ் கீழ் அறை கேட்டார் என்றால் நாளைக் காலைக்குள் யூனிட் முழுக்க என்னைக் கிழவனாக்கிவிடும். மாசிலாமணி இருபத்தோரு வருஷமாக என்னோடு போகஸ் பார்க்கிறவன், ஆள் நகர நகர லென்ஸைத் திருப்புகிறவன். அவனுக்கே நாற்பத்தொன்பது ஆகிறது. என்னைத்தான் கண்ணாடிச் சாமான் மாதிரி தூக்கி இறக்குகிறான்.

புறப்படுவதற்கு முன் கண் டாக்டரிடம் போனதை எழுதவில்லை. வலது கண்ணில் புரை. முற்றிக்கொண்டு வருகிறதாம். “ஆபரேஷன் பண்ணிட்டு ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க சார். அப்புறம் படம் பிடிக்கலாம்” என்றார். சின்ன வயசு டாக்டர், புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறார். படம் முடியட்டும், ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம். கண்ணில் கத்தி வைத்த கேமராமேன் என்று பேச்சு கிளம்பினால் அதோடு போன் அடிப்பது நின்றுவிடும். சம்சாரம் சுகுணாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததே அதிகம்.

4 பிப்ரவரி, வியாழன்

காலை ஏழுக்கு முதல் ஷாட். வீட்டு முற்றத்தில் கதாநாயகி கோலம் போடுகிறாள். வெயில் நன்றாக ஒத்துழைத்தது.

இயக்குநர் இளஞ்செழியனுக்கு முப்பத்தொன்று. இது இரண்டாவது படம். நான் தனியாகச் செய்த முதல் படம் வந்தபோது ஆறு வயசாம். அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்தானாம். நல்ல பையன். ஒவ்வொரு டேக் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “கேமரா சார்?” என்கிறான். நான் “ஓகே” என்றால்தான் அடுத்த வேலை. அவன் பக்கத்தில் ஒரு குட்டி டி.வி. இருக்கிறது. அதில் ஆள் இருப்பது தெரியும், மூக்கு இருப்பது தெரியாது. படம் ஷார்ப்பாக விழுந்ததா இல்லையா என்பது கேமராவில் கண் வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். அவன் சொல்வதுதான் முடிவு. பிலிம் சென்னைக்குப் போய், லேபில் கழுவி, எடிட்டர் போட்டுப் பார்க்க நாலைந்து நாள் ஆகும். அதுவரை எல்லோரும் என் ஒரு வார்த்தையை நம்பி நிற்கிறார்கள். அதற்குத்தான் இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டார்கள்.

மாசி ரொம்ப நச்சரிக்கிறான். எதற்கெடுத்தாலும், “சார், இன்னொரு லைட் வெச்சுக்கலாமே. லென்ஸைக் கொஞ்சம் மூடிக்கலாம்” என்கிறான். லென்ஸை மூடினால், அதாவது உள்ளே துவாரத்தைச் சுருக்கினால், முன்னும் பின்னும் தெளிவாக விழும், போகஸ்காரனுக்கு நிம்மதி. முன்பெல்லாம் இருட்டில் கூடப் போகஸைப் பிடித்துவிடுவான். வயசாகிறது அவனுக்கு.

6 பிப்ரவரி, சனி

தூசி. கண் உறுத்துகிறது. வெளுக்கப் போட்டதில் ஒரு பனியன் குறைகிறது.

7 பிப்ரவரி, ஞாயிறு

ஜெனரேட்டர் மக்கர். பகல் பூரா ஒரு புளியமரத்தடியில் சும்மா இருந்தோம். லைட்மேன்கள் சீட்டு ஆடினார்கள். இளஞ்செழியன் என் பழைய கதைகளைக் கேட்டான். வடபழனி ஸ்டுடியோவில் டிராலி தள்ள வந்தது, ஏழு வருஷம் தள்ளினது, பிறகு போகஸ், பிறகு கேமரா ஓட்டுகிற ஆபரேட்டிவ், பிறகு நாற்பத்தோரு படம். விருது வாங்கப் போன அன்றைக்குச் சட்டைப் பையில் லைட் மீட்டரோடு மேடை ஏறினதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நூறாவது தடவையாகக் கேட்கிற மாசியும் சிரித்தான்.

இந்தக் காலத்தில் கேமராமேன்கள் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஆபரேட்டரைக் கண் வைக்கச் சொல்கிறார்கள். நான் யாரையும் விட்டதில்லை. என் வலது கண் இல்லாமல் என் படம் எடுத்ததில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொன்னேன்.

எழுதும்போது அந்தக் கண்ணை மூடிக்கொண்டால் எழுத்து நன்றாகத் தெரிகிறது.

8 பிப்ரவரி, திங்கள்

இன்றைக்குப் பெரிய ஷாட். கதாநாயகிக்குத் தகப்பன் செத்த சேதி வருகிறது. அக்கரையிலிருந்து ஆற்றில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நேராகக் கேமராவைப் பார்த்து நடந்து வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் சாயங்கால வெயில். கிட்டே வந்து நின்று, அழாமல் பார்க்க வேண்டும். ஒரே ஷாட், நடுவில் வெட்டு கிடையாது. நீள லென்ஸ், முழுக்கத் திறந்தது. இந்த மாதிரி ஷாட்டில் ஆள் அரை அடி தள்ளி நின்றால் முகம் மங்கிவிடும். தண்ணீருக்குள் சாக்பீஸ் குறி போட முடியாது. மாசி அடியில் கிடந்த கற்களை எண்ணி வைத்துக்கொண்டு, அதை வைத்து லென்ஸைத் திருப்பினான்.

முதல் டேக்கில் எருமை குறுக்கே வந்தது. இரண்டாவதில் அந்தப் பெண் நிகிதா சிரித்துவிட்டாள். மூன்றாவது டேக் அற்புதம். பம்பாய்ப் பெண், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் அந்த ஆற்றில் அவள் அப்பன் நிஜமாகவே செத்துப்போனான். இளஞ்செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கேமரா சார்?” என்றான். ஓகே என்றேன்.

மாசி எழுந்து வந்தான். “சார், ஒரு கல்லு தாண்டி வந்து நின்னுட்டாங்க. நான் திருப்பினது பத்தலன்னு தோணுது. இன்னொண்ணு போயிடலாம்.” எல்லோர் முன்னாலும் சொன்னான். “நான் பார்த்தேன். ஷார்ப்பாதான் இருந்துது” என்றேன். அவன் மறுபடி, “சார், ஒரே ஒண்ணு” என்றான். கேமராவில் கண் வைத்தவன் நானா நீயா என்று கேட்டேன். வெயிலும் போய்விட்டது. பேக்கப் சொல்லிவிட்டார்கள்.

9 பிப்ரவரி, செவ்வாய்

நிகிதா ஐதராபாத் போய்விட்டாள். அங்கே வேறு படம். பிலிம் பெட்டி ரயில் ஏறியது.

12 பிப்ரவரி, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாட்ஜிலிருந்து ஆள் ஓடி வந்தான், சென்னையிலிருந்து எடிட்டர் போன் என்று. இளஞ்செழியன் போய்விட்டுத் திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. ஆற்று ஷாட் அவுட். அந்தப் பெண் நடந்து வருவதெல்லாம் நன்றாக இருக்கிறதாம். நின்ற பிறகு முகம் முழுக்க மங்கல். அவளுக்கு ஒரு அடி பின்னால் இருக்கிற நாணல் பளிச்சென்று தெரிகிறதாம்.

சாப்பாடு ரசம், அப்பளம், முட்டைக்கோஸ். பாதியில் எழுந்துவிட்டேன்.

13 பிப்ரவரி, சனி

மாசியை அனுப்பிவிட்டார்கள்.

தயாரிப்பாளரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் சென்னையில் இருக்கிறார். இங்கே அவருக்குக் கண்ணும் காதும் புரொடக்‌ஷன் மேனேஜர் தணிகாசலம். காலையில் முதல் ஷாட்டுக்கு முன்னால் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டான், “ஏம்ப்பா மாசிலாமணி, தூங்கிட்டியா? அந்தப் பொண்ணு தேதிக்கு நான் யார் கால்ல விழறது? கிளம்பு. மத்தியானம் ரயிலுக்குச் சொல்லியாச்சு.”

மாசி என்னைப் பார்த்தான். நான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த லென்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு அவன் தன் அளவு டேப்பை இடுப்பிலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்தான். வேனில் ஏறும்போது, “வர்றேன் சார்” என்றான். ம் என்றேன்.

தொழில் வழக்கம் இதுதான். படம் நன்றாக இருந்தால் கேமராமேன், அவுட்டானால் போகஸ்காரன். என்னையும் 1969இல் இப்படித்தான் விரட்டினார்கள். ஸ்டுடியோ வாசலில் இரண்டு மாசம் நின்றேன். செத்தா போனேன்? பிறகு கூப்பிட்டுக்கொண்டார்கள். மாசியையும் கூப்பிடுவார்கள்.

இதை எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

14 பிப்ரவரி, ஞாயிறு

புது போகஸ் வந்திருக்கிறான். ஜான்சன். முப்பத்தைந்து இருக்கும், வேலை தெரிந்தவன். காபி குடிக்கிறீர்களா என்று கேட்கத் தெரியவில்லை. பரவாயில்லை, நான் காபிக்காகப் போகஸ்காரன் வைத்துக்கொள்ளவில்லை.

16 பிப்ரவரி, செவ்வாய்

பதினோரு ஷாட். எல்லாவற்றுக்கும் ஓகே.

18 பிப்ரவரி, வியாழன்

காலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சுகுணாவுக்குப் பேசினேன். சம்சாரம் என்றால் சாப்பிட்டீர்களா என்று கேட்டு ஆரம்பிப்பார்கள். இவள், “மாசிக்கு என்ன ஆச்சு?” என்று ஆரம்பித்தாள்.

சாலிகிராமம் மார்க்கெட்டில் மாசியின் மனைவி கலையரசியைப் பார்த்திருக்கிறாள். மாசி வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம். மார்ச்சில் வேறொரு கம்பெனிக்குப் பெரிய படம் ஒத்துக்கொண்டிருந்தான். தணிகாசலம் அவர்களிடம் பேச்சுவாக்கில், மாசிலாமணிக்குக் கை போச்சு, ஷாட்டைக் கோட்டை விட்டுட்டான் என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு இடத்தில் கேட்டானாம், சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம்.

“கை போச்சா, கண்ணு போச்சா?” என்றாள் சுகுணா.

“நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“எனக்கு என்ன தெரியணும்? உப்பு டப்பாவுல சர்க்கரையைக் கொட்டின மனுஷன் நீங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு விட்டுட்டு எப்படிங்க சோறு இறங்குது?”

போனை வைத்துவிட்டேன். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். இறங்கியது, அதுதான் கஷ்டமாக இருந்தது.

19 பிப்ரவரி, வெள்ளி

எட்டாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். வெயில் போகவில்லை. இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. வெயில் விஷயத்தில் எனக்குத் தப்பு வராது. இன்னொரு டேக் தாராளமாகப் போயிருக்கலாம்.

20 பிப்ரவரி, சனி

ஐதராபாத்தில் கெஞ்சி நிகிதாவின் ஒரு நாளை வாங்கிவிட்டார்களாம். 24ஆம் தேதி வருகிறாள். ஒரே சாயங்காலம். மறுநாள் காலை விமானம்.

இன்று வீட்டுக்குள் ஷாட். ஜான்சன் லைட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனுக்கு எந்த வெளிச்சமும் போதும். பழைய ஞாபகத்தில் நானே, “என்னப்பா, இன்னொரு லைட் வேணாமா?” என்றேன். “எதுக்கு சார்? நீங்கதான் பார்க்கறீங்களே” என்றான்.

அப்போதுதான் உறைத்தது. மாசி லைட் கேட்டது தனக்காக இல்லை. ஒரு வருஷமாக அவன் லென்ஸை மூடி மூடி என் கண்ணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் அதை அவன் வயசு என்று இந்த நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். திறந்தவெளியில், ஆற்றில், வைக்க லைட் இல்லை. அதனால்தான் இன்னொரு டேக் கேட்டான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், ஆரம்பித்தாயிற்று. எனக்கு இடது கண் நன்றாக இருக்கிறது. டாக்டரே சொன்னார். கேமராவில் இடது கண்ணை வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. வைக்கவில்லை. எத்திராஜ் வலது கண் வைக்கிறவர் என்று லைட்மேன் வரைக்கும் தெரியும். நான் முகத்தைத் திருப்பினால் போதும், அந்தக் கணமே புரிந்துகொள்வார்கள். அதற்குப் பயந்து பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னேன்.

21 பிப்ரவரி, ஞாயிறு

இளஞ்செழியனிடம் சொல்லிவிடலாம் என்று அவன் அறைக்குப் போனேன். தோசை தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “சார், நீங்க இருக்கீங்கன்னுதான் அண்ணாச்சி இந்தப் படத்துக்கே ஒத்துக்கிட்டாரு. மாசியண்ணன் விஷயத்துல உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும், எனக்குப் புரியுது சார்” என்றான். அவன் கண்ணில் நீர் கூட வந்தது.

டோபி பனியனைத் தொலைத்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

23 பிப்ரவரி, செவ்வாய்

நாளைக்கு. தூக்கம் வராது என்று தெரிந்து மத்தியானமே படுத்துப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை.

24 பிப்ரவரி, புதன்

சொல்லிவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று மணிக்கே ஆற்றுக்குப் போய்விட்டோம். ஜான்சன் தண்ணீருக்குள் செங்கல் பதித்து வைத்தான், அதில் கால் பட்டதும் நிற்க வேண்டும் என்று. நிகிதாவுக்கு இந்தியில் விளக்கினார்கள். ஒத்திகையில் கேமராவில் வலது கண்ணை வைத்தேன். கஞ்சி போட்ட வேட்டிக்குப் பின்னால் யாரோ நடந்து வருகிற மாதிரி இருந்தது. மாசியைக் கேட்கலாம் என்று தலையைத் தூக்கினேன். ஜான்சன் நின்றுகொண்டிருந்தான்.

ஆறே காலுக்கு டேக். வந்தாள், நின்றாள், பார்த்தாள். இளஞ்செழியன் கட் சொல்லிவிட்டு, “கேமரா சார்?” என்றான்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை. இருபத்தைந்து வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“சார், கேமரா ஓகேவா?”

“தெரியல தம்பி.”

அவன் சிரித்தான், நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து. லைட்மேன் ஒருவனும் சிரித்தான்.

“நிஜமாவே தெரியல. எனக்கு வலது கண்ணு தெரியல, புரை விழுந்திருக்கு. எட்டாம் தேதியும் தெரியல. மாசி இன்னொண்ணு கேட்டான். நான்தான் பார்த்தேன்னு பொய் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

பாதிப் பேர் கீழே பார்த்தார்கள். தணிகாசலம் ஓடி வந்து, “சார், என்ன பேசறீங்க, வெயில் பட்டுடுச்சா? வாங்க, வந்து உக்காருங்க” என்று தோளைத் தொட்டான். கையைத் தட்டிவிட்டேன். “நீதான்யா உக்காரணும். மாசி பேரை எங்கெங்க கெடுத்தியோ அங்கெல்லாம் உக்காந்து போன் பண்ணணும்” என்றேன்.

இளஞ்செழியன் என்னைப் பார்த்தான், ஆற்றில் நிற்கிற பெண்ணைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். நான் நினைத்ததை விடக் கெட்டிக்காரன்.

“சார், இன்னும் எவ்வளவு நேரம் வெயில் இருக்கும்?”

“எட்டு நிமிஷம்.”

“இடது கண்ணு?”

“தெரியும்.”

“அப்ப அதை வெச்சு எடுங்க சார். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, முகத்தைத் திருப்பி இடது கண்ணை வைத்தேன். மூக்கு இடித்தது. கழுத்து வலித்தது. கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொழிலுக்குப் புதிதாக வந்தவன் கூட இவ்வளவு தடுமாற மாட்டான். பிறகு தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. அவள் முழங்காலைச் சுற்றி உடைகிற தண்ணீர், கரைந்த மை, காதோரத்தில் ஒரு மச்சம். இந்தப் பெண்ணை நாலாம் தேதியிலிருந்து படம் பிடிக்கிறேன், அந்த மச்சத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். இந்தப் படத்தில் மட்டுமா, இதற்கு முந்தின படத்தில் எத்தனை முகத்துக்குப் பார்க்காமலே ஓகே சொன்னேனோ. கேமராவில் கண் வைத்துக்கொண்டு அழக் கூடாது, கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். அடக்கிக்கொண்டு எடுத்தேன்.

செங்கல்லில் நின்றாள். ஜான்சன் சரியாகப் பிடித்தான். ஓகே என்றேன். பார்த்துத்தான் சொன்னேன்.

யாரும் கிட்டே வரவில்லை. பெட்டிகளை நானே மூடினேன்.

25 பிப்ரவரி, வியாழன்

அண்ணாச்சி போனில் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “ஒங்க பேரு போஸ்டர்ல அப்பிடியே இருக்கும் சார். மிச்சத்த வேற ஆளு பாத்துக்கிடட்டும். நீங்க கண்ணப் பாருங்க” என்றார். சரி என்றேன். மாசியைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். “அது நியாயந்தான்” என்றார்.

தணிகாசலம் என் எதிரிலேயே லாட்ஜ் மேனேஜரின் போனிலிருந்து மார்ச் கம்பெனிக்குப் பேசினான். தலையைச் சொறிந்துகொண்டே பேசினான். “தப்பு அவன் மேல இல்லைங்க, கேமராமேன் சாருக்குத்தான் கண்ணு…” என்று சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் நின்று முழுக்கக் கேட்டேன். என் பேர் போவதைப் பக்கத்தில் நின்று கேட்பது ஒரு தினுசான அனுபவம். இரண்டாவது கம்பெனிக்குப் பேசும்போது கால் வலித்தது, உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் ரயில். இளஞ்செழியன் வேன் வரைக்கும் வந்தான். காலைத் தொட்டுக் கும்பிடப் போனான், விடவில்லை.

26 பிப்ரவரி, வெள்ளி. சென்னை

வீடு. சுகுணா கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள், என்னவோ டாக்டர் மாதிரி. “கண் கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம்” என்றாள். பிறகு வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். மார்ச் நாலாம் தேதிக்கு ஆபரேஷன் சொல்லியாகிவிட்டது. குளித்துவிட்டுச் சாயங்காலம் வரை தூங்கினேன்.

27 பிப்ரவரி, சனி

மாசி வீட்டுக்குப் போனோம். சாலிகிராமத்தில் மாடிப் போர்ஷன். சுகுணாவும் வந்தாள், தனியாக விட்டால் டோபி கதை சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள் என்று.

மாசி கதவைத் திறந்து, “வாங்க சார்” என்றான். அவன் முகம் இளைத்திருந்தது. கலையரசி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எப்போதும் கேட்காமலே காபி வரும் வீடு அது. சுகுணா தானாக எழுந்து சமையலறைக்குப் போனாள்.

“தணிகாசலம் போன் பண்ணாரு சார். மார்ச் படத்துலயும் கூப்பிட்டுட்டாங்க” என்றான்.

“மன்னிச்சிரு மாசி.”

“பதினோரு நாள் ஆச்சு சார், நீங்க வாயத் தொறக்க.”

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“உங்க கண்ணு எனக்குத் தெரியும். போன தீபாவளிப் படத்துலேர்ந்தே தெரியும். தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல, அது என் தப்பு. ஆனா அன்னிக்கு இன்னொண்ணு கேட்டேனா இல்லியா?”

“கேட்டே.”

“ரெண்டு தடவ கேட்டேன். அத்தினி பேரு இருந்தாங்க. தணிகாசலம் என்னைப் போடான்னப்போ யாராச்சும் ஒருத்தர் சொல்வாங்கன்னு பார்த்தேன். நீங்க சொல்வீங்கன்னுதான் பார்த்தேன். நீங்க லென்ஸத் தொடச்சிக்கினே இருந்தீங்க சார். அது நான் காலைல தொடச்சி வெச்ச லென்ஸு.”

இருபத்தோரு வருஷத்தில் அவன் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. இன்றைக்கும் உயர்த்தவில்லை. என்னை அடித்திருந்தால் கூட இப்படி வலித்திருக்காது. தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவனே, “அந்த ஷாட் வந்துச்சா?” என்று கேட்டான். வந்துடுச்சு, ஜான்சன் நல்லா பண்ணான் என்றேன். “நல்ல பையன் அவன்” என்றான்.

கிளம்பும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. என் அப்பா போனபோதும், சுகுணாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்.

“நாலாந் தேதி ஆபரேஷன். காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீ வர்றியா மாசி?”

நான் குனிந்து செருப்பை மாட்ட, அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் நிமிர்ந்ததும் விட்டுவிட்டான்.

“வர முடியாது சார். அன்னிக்கு ஷூட்டிங் இருக்கு. எனக்கும் ஏழு மணிதான்.”

ஷூட்டிங் இருக்கிறது என்று அவன் வாயால் சொன்னதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவன் வர மாட்டான் என்பது பிறகுதான் உறைத்தது. “சரிப்பா, வேலையைப் பாரு” என்றேன். சுகுணா என் கையைப் பிடித்துப் படி இறக்கினாள். நாங்கள் பாதி இறங்கும்போதே மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.